வாசிக்கப்படாத ஒரு பெயர்

குற்றாலத்தில் சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால், அச்சன்புதூர் வட்டாரத்திலுள்ள நம் ஆலயத்தில் ஞாயிறு கூட்டம் குறைந்துவிடும். இப்பங்கின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில் இதனைக் கண்டு நாம் வருந்தினோம். ஆடி மாதத்து ஞாயிறொன்றில் மறையுரையிலேயே கடிந்து பேசினோம். அருவிக்கு நேரமிருக்கிறது, ஆண்டவருக்கு நேரமில்லையோ என்றும் கேட்டுவிட்டோம். திருப்பலி முடிந்து திருவுடை களைந்துகொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த உபதேசியார் அருகில் வந்து நின்றார். சற்று நேரம் கைகளைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "சாமி, நம்ம சனம் குளிக்கப் போகல. குளிக்க வாரவங்களுக்குச் சோறு பொங்கிப் போடப் போயிருக்கு" என்றார்.

அவர் கூறியது முழு உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து சாரலாய் இறங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களே குற்றாலத்தின் பிழைப்புக் காலம். வேன் ஓட்டுவோர், ஆட்டோ ஓட்டுவோர், உணவுக்கடை அடுப்படியில் நிற்போர், எண்ணெய்க் குளியலுக்கு உடம்பு பிடித்துவிடுவோர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறுகட்டி விற்போர் என நம் மக்களுள் பலருக்கு அந்தச் சனியும் ஞாயிறும்தான் கடன் அடைக்கும் நாட்கள். அதே நாட்களில்தான் இங்கே கார் சாகுபடிக்கு நாற்று நடவும் நடக்கிறது. வயலுக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறென்றும் திங்களென்றும் வேறுபாடில்லை. மடையில் தண்ணீர் வரும் நாளே நடவு நாள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் செங்கோட்டை வழியே மலையேறத் தொடங்கும். தை பிறக்கும்வரை நம் ஓட்டுநர்கள் வீட்டில் உறங்குவது அரிது. திருவருகைக் காலமும் கிறிஸ்து பிறப்பும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

இவற்றுள் ஒன்றையேனும் அறியாமல்தான் நாம் முதல் ஆண்டிலேயே குடும்ப விழா ஒன்றை ஆகஸ்டு 15இல் குறித்திருந்தோம். மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, நாட்டின் விடுதலை நாள், எங்கும் விடுமுறை. இதைவிடப் பொருத்தமான நாள் உண்டோ என்று எண்ணினோம். எங்கும் விடுமுறை என்பதால்தான் அன்று அருவிக்கரையில் ஆண்டின் பெருங்கூட்டம் கூடும் என்பது நமக்குத் தோன்றவில்லை. மேடையில் பிள்ளைகள் 'தந்தையைப் போற்றுவோம்' என்று நடித்துக் காட்டினர். தந்தையர் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நால்வர் அமர்ந்திருந்தனர்.

குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்றோம். திருவருட்சாதனங்களைப் பற்றி நம்மிடம் கேட்டால் இன்றும் ஒரு மணி நேரம் குறிப்பின்றிப் பேச முடியும். ஓர் ஊர் எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் மூச்சு விடுகிறது என்பதை எந்த வகுப்பிலும் நாம் கற்கவில்லை. கற்பித்தார்களோ, நாம்தான் உறங்கிவிட்டோமோ, அதுவும் அறியோம்.

2020லும் 2021லும் பெருந்தொற்றினால் ஆலயக் கதவுகள் நெடுநாள் அடைபட்டிருந்ததை வாசக அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கதவுகள் திறந்தபின் பெரியவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள், பிள்ளைகள் திரும்பவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது. எனவே 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்று நாள் சிறுவர் விழா ஒன்றைப் பெரும் பொருட்செலவில் நடத்தினோம். பந்தல், ஒலிபெருக்கி, மாயவித்தைக்காரர், ஒரே நிறத்தில் மேற்சட்டை, மூன்றாம் நாள் பிரியாணி எனக் குறையொன்றும் வைக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். பங்குப் பேரவையினர் நமக்குப் பொன்னாடை போர்த்தினர், நாமும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள் 11 பேர். அவர்களுள் மூவர் மாயவித்தைக்காரர் மறுபடியும் வருவாரா என்று கேட்க வந்தவர்கள்.

கேளிக்கையால் வந்தவர்களைக் கேளிக்கையால்தான் தக்கவைக்க முடியும். அதற்கு நம்மைவிடத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் வசதி மிகுதி. இதனை அன்றே உணர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாமோ மற்றொரு வழியைப் பிடித்தோம். அந்த வழிதான் இக்கட்டுரையை எழுதவைக்கிறது.

வருகைப் பதிவேடு ஒன்று வாங்கினோம். சனிக்கிழமை மாலை மறைக்கல்வி, ஞாயிறு காலை திருப்பலி, இரண்டுக்கும் குறியிடப்படும். முக்கால் பங்குக்கு மேல் வந்த பிள்ளைகளுக்கு ஆண்டு நிறைவில் பரிசு உண்டு என்று அறிவித்தோம். கூட்டம் கூடத்தான் செய்தது. ஆண்டு நிறைவு விழாவில் பிள்ளைகளின் பெயர்களை நாமே மேடையில் நின்று வாசித்தோம். பரிசுப் பொருள்களை வழங்கிய அன்பர் ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் தம் பெயரை அச்சிட்டுத் தந்திருந்தார். விழா இனிதே நிறைவுற்றது.

அதற்குப்பின் ஒரு குடும்பம் ஆலயத்துக்கு வரவில்லை. வரவில்லை என்பதே நமக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கல்லறைத் திருநாளன்று மந்திரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றபோது, வழக்கமாகப் பூவும் மெழுகுவத்தியும் வைக்கப்படும் கல்லறை ஒன்று புல் மண்டிக் கிடந்தது. அது யாருடையது என்று உபதேசியாரிடம் கேட்டோம். அவர் அந்த வீட்டின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பிள்ளைக்குப் பரிசு குடுத்த அன்னையில இருந்து வாரதில்ல சாமி" என்றார். அக்குடும்பத்தின் பொருட்டே ஊரின் பெயரை நாம் இங்கே குறிப்பிடவில்லை.

மறுநாள் மாலை அவ்வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அந்தத் தாய் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் தட்டை இறக்கிவைத்து எழுந்து நின்றார். நாற்காலி எடுத்துப் போட்டார். கணவர் கேரளத்தில் கட்டட வேலை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை, ஆறாம் வகுப்பு. ஓர் ஆண்பிள்ளை, இன்னும் பள்ளிக்குப் போகாதவன். சனிக்கிழமை மாலைதான் இவர் சுற்றிய பீடிகளைக் கடையில் ஒப்படைத்து, கணக்கு முடித்து, அடுத்த வாரத்துக்கு இலையும் தூளும் வாங்கி வரும் நேரம். அவர் திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வது அக்காளின் வேலை. ஆகையால் அப்பிள்ளை சனிக்கிழமை வகுப்புக்கு வந்ததே இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு ஒருமுறைகூட வராமல் இருந்ததும் இல்லை. நம் கணக்குப்படி அவள் வருகை பாதி.

பரிசு கிடைக்காததில் வருத்தமா என்று கேட்டோம். கேட்ட விதமே தவறு என்பதை இப்போது உணர்கிறோம். "பரிசு கெடக்கட்டும் சாமி. வராட்டிப் பரிசு இல்லன்னு எம்பிள்ளைக்கும் தெரியும். பேரு வாசிச்சீகள்லா, எல்லாப் பிள்ள பேரும் வாசிப்பீகன்னு நெனச்சிட்டா. அடுத்தாப்புல வரும், அடுத்தாப்புல வரும்னு கடைசி வரைக்கும் காலத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தா" என்றார் அந்தத் தாய். அவர் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நமக்கு விடை சொல்ல எளிதாயிருந்திருக்கும். அப்பிள்ளை உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை.

லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இயேசு காணாமற்போன பகுதியை நாம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். பயணிகளின் கூட்டத்தில் இருப்பார் என எண்ணிப் பெற்றோர் ஒருநாள் தொலைவு நடந்துவிட்டனர் என்று அங்கே எழுதப்பட்டுள்ளது. அவ்வரியைக் கடந்து, கோவிலில் போதகர் நடுவே அமர்ந்த காட்சிக்கு விரைந்து செல்வதே நம் வழக்கம். அன்று இரவு அவ்வரியிலேயே நின்றோம். மரியாவும் யோசேப்பும் ஒருநாளில் கண்டுகொண்டனர். உடனே திரும்பி நடந்தனர். நமக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவும் ஒரு கல்லறையில் முளைத்த புல் சொல்லித்தான் தெரிந்தது.

இங்கே நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியொன்றை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். 1544 ஜனவரி 15 நாளிட்டு, கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடலில் இதனை அவரே விவரிக்கிறார். மணியடித்த செய்தியைப் பலரும் அறிவர். அம்மடலில் நம்மை ஈர்ப்பது அதற்கு அடுத்த செய்தி. கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு சிறுவர்களைப் பணித்தார். நோயாளிகளின் வீட்டுக்கு வரும்படி பலரும் தம்மை அழைத்து, தம்மால் எல்லா இடத்துக்கும் போக இயலாதபோது, செபம் அறிந்த சிறுவர்களைத் தம் பதிலாக அனுப்பினார்; அவர்கள் அவ்வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாச அறிக்கையைச் சொல்ல வைத்தனர். சிந்தித்துப் பாருங்கள்: ஒரு குருவின் பதிலாளாய் நோயாளியின் வீட்டுக்குப் போகும் பிள்ளை அடுத்த நாள் வராதிருப்பானா? அவனை எதிர்பார்த்து ஒரு வீடே காத்திருந்தது. நம் சிறுவர் விழாவுக்கு வந்த நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுள் எவரையும் எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வந்தால் ஒரு நாற்காலி நிறையும், வராவிட்டால் ஒரு பொட்டலம் மிஞ்சும், அவ்வளவே.

அதன்பின் நாம் செய்தவை பெரிய காரியங்களல்ல. முதலில், பங்குப் பேரவையில் ஆண்களும் ஓய்வுபெற்றோருமே நிறைந்திருந்ததால், அன்பியம் தோறும் இரு தாய்மாரை அழைத்து ஆலய முற்றத்தில் உட்காரவைத்து, ஆண்டு அட்டவணையை அவர்களிடமே விட்டோம். சனிக்கிழமை வகுப்பை அவர்கள் இரண்டே நிமிடத்தில் அடித்துவிட்டார்கள். ஞாயிறு முதல் பூசைக்கு வந்த கையோடு முக்கால் மணி நேரம். தம்பி தங்கையையும் கூட்டிவரலாம். சொன்ன நேரத்துக்கு முடிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அனைவரும் நம்மையே பார்த்தனர்.

குடும்ப விழாவுக்கு நாள் தேடியது சுவையான வேலை. சாரல் காலம் ஆகாது. கார்த்திகை, மார்கழி ஆகாது. பிசான அறுவடைக் காலம் பெரும்பாலும் தவக்காலத்தோடு மோதும். எஞ்சுவது பொங்கல் கழிந்து தவக்காலம் தொடங்குவதற்கு முன்னுள்ள சில வாரங்கள். 2024இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14. ஆகவே நான்கு வாரம்தான் கிடைத்தது. அந்த இடைவெளிக்குள் திருச்சபையே ஒரு குடும்ப விழாவை வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தோம்: பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள். குழந்தையைக் கையில் ஏந்திய தாய் தந்தையர், இரு பறவைகளுக்குமேல் கொடுக்க வசதியில்லாத ஏழைக் குடும்பம், வரவேற்க ஒரு கிழவர், ஒரு கிழவி. இதற்கு மேடை நாடகம் எதற்கு? அதற்கு அண்மைய ஞாயிறன்று அவ்வாண்டு திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளைப் பெற்றோர் ஏந்திவர, ஊரின் மிக மூத்த கிழவர்களும் கிழவிகளும் வாசலில் நின்று எரியும் திரி கொடுத்து வரவேற்றனர். பந்தல் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. இளைஞர்கள் முகஞ்சுளித்தது மெய். விழா மாதிரியே இல்லை சாமி என்றனர். ஓட்டுநர்கள் வந்திருந்தனர். ஒருவர் தம் மகளுக்குத் திருமுழுக்குப் பெயர் என்னவென்று மனைவியிடம் மெல்லக் கேட்டதை நாம் கேளாததுபோல் இருந்துவிட்டோம்.

குடில் அமைப்பதும் மாறியது. முன்பெல்லாம் மின்விளக்கோடு சேர்த்து ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுவோம். அசிசியார் 1223இல் கிரேச்சோவில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு செய்ததை நாம் தொலைபேசியில் பேசி முடித்தோம். இப்போது ஒவ்வொரு அன்பியத்துப் பிள்ளைகளும் திருவருகைக் காலத்தின் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: முதல் வாரம் அனுமன் நதி மணல், அடுத்த வாரம் வைக்கோல், பிறகு களிமண் பொம்மைகள். எந்த ஞாயிறிலும் குடில் முடிந்துவிடாது. அடுத்த ஞாயிறுக்கு எவர் எதைக் கொண்டுவருவது என்பது எழுதிவைக்கப்படும். ஒட்டகத்துக்கு மூன்று கால்தான் இருந்தது. அந்த மூன்று கால் ஒட்டகத்தைச் செய்தவனின் பாட்டி, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு இஸ்லாமியத் தாயார் வரை வந்து பார்த்துவிட்டுப் போயினர்.

புதுநன்மை விழா பற்றியும் ஒரு சொல். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டு 8இல் வெளியிட்ட ஆணையால்தான், ஏழு வயதளவில் புத்தி விவரம் தெரியும் பிள்ளைகளுக்கு நற்கருணை வழங்கும் முறை மீண்டும் பரவியது; அதற்கு முன்னர்ப் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. அவர் திறந்த வாயிலை நாம் ஒரு நிறைவு விழாவாக்கிவிட்டோம். வெள்ளையுடை, நிழற்படம், விருந்து. மறு ஞாயிறு பிள்ளையைக் காணோம். உறுதிபூசுதலுக்குப் பெயர் கொடுக்கத்தான் மறுபடி தலைகாட்டுவான். இப்போது ஒரு சிறு ஏற்பாடு: புதுநன்மை பெற்ற பிள்ளை, அடுத்த ஆண்டு பெறவிருக்கும் பிள்ளை ஒன்றுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிலர் செய்கின்றனர், சிலர் ஏய்க்கின்றனர். ஆயினும் அந்த மறு ஞாயிறு முன்போல் வெறுமையாக இல்லை.

மறையுரை? 1973 நவம்பர் 1இல் உரோமை வெளியிட்ட, சிறாருடன் நிறைவேற்றும் திருப்பலிகளுக்கான வழிகாட்டியில் ஓர் இடமுண்டு. பிள்ளைகளின் மனநிலைக்கேற்பப் பேசுவது குருவுக்குக் கடினமாயின், பங்குத்தந்தையின் இசைவோடு, பங்கேற்கும் பெரியவர் ஒருவர் நற்செய்திக்குப்பின் பிள்ளைகளிடம் பேசலாம் என்று அது அனுமதிக்கிறது. குருத்துவத்தின் முதல் ஆண்டுகளில் இதனை வாசித்தபோது, இது வேறு நாட்டுக் குருக்களுக்காக எழுதப்பட்டது என்று நினைத்தோம். இப்போது சிறார் திருப்பலியில் அங்கன்வாடிப் பணியாளரான ஒரு தாயார் பேசுகிறார். பிள்ளைகள் அவருக்கு மறுமொழி சொல்கின்றனர். நமக்கு இத்தனை ஆண்டுகளில் சொன்னதில்லை.

பதிவேட்டை நாம் எறிந்துவிடவில்லை. பங்கிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இப்போது அதில் உண்டு, வந்தாலும் வராவிட்டாலும். வகுப்பின் தொடக்கத்தில் அனைத்தும் வாசிக்கப்படும். வராத பெயருக்கு, அவனை அறிந்த பிள்ளை ஒன்று எழுந்து நின்று காரணம் சொல்லும். காரணம் தெரியாவிட்டால், அன்று மாலைக்குள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுவருவது அப்பிள்ளையின் பொறுப்பு. இதற்குப் பரிசு கிடையாது. நேரம் வீணாகிறது என்று பேரவையில் ஒருவர் கூறினார். முக்கால் மணி நேரத்தில் பத்து நிமிடம் போவது உண்மைதான்.

திண்ணையில் நாம் சந்தித்த அக்குடும்பம் உடனே திரும்பிவிடவில்லை. நாம் போய்வந்த அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புக்கு அவர்கள் வரவில்லை. மறு ஆண்டுத் திருவருகைக் காலத்தில் அந்தச் சிறுவன் மட்டும், எவருடனோ சேர்ந்துகொண்டு, தேங்காய்ச் சிரட்டை நிறைய மணலோடு வந்து நின்றான். தாயார் தவக்காலத்தில் வந்தார். அவள் கடைசியாக வந்தாள்; வந்த நாளில் பின் வாசலருகே நின்றுவிட்டுப் போய்விட்டாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. சில ஞாயிறு வருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. அன்று பெயரை விட்டதற்காக அவளிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சென்ற சாரல் காலத்து ஞாயிறொன்றில் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. வழக்கம்போல் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து அவள் பெயரை வாசித்தோம். தம்பி எழுந்து நின்றான். "அம்மைக்குக் காய்ச்ச. அக்கா சோத்தப் பொங்கி இறக்கிட்டு வாரேன்னு சொன்னா, சாமி" என்றான். வகுப்பு முடிய இன்னும் அரைமணி இருந்தது. அடுத்த பெயரை வாசித்தோம்.